11-ஆம் நாள் திரும்பி வந்த வீணை: ஒரு பழுதுநீக்கத்தின் நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு சித்திரையில் திருமங்கலத்திலிருந்து ஒரு டீச்சர் தம் வீணையை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கும் உலோகக் கட்டைகளான மெட்டுகள் இடம் நகர்ந்திருந்தன. மேளம் கட்டிக் கொடுத்தோம், அதாவது மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதித்து ஸ்வரத்துக்கு நிறுத்தினோம். 11-ஆம் நாள் அதே வீணை அதே குறையோடு திரும்பி வந்தது. இரண்டாம் முறை அதைச் சரிசெய்ய 24 நாள் பிடித்தது. முதல் முறை எங்கள் கண்ணில் படாமல் போனது எது, ஏன் படவில்லை, அதன் பிறகு வேலைமுறையில் எதை மாற்றினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். கருவியைப் பழுதுபார்ப்பவர்களுக்கும் பழுதுக்குக் கொடுப்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

எங்கள் பட்டறை

வைகையின் வடகரையில், செல்லூரில், இரண்டு அறை கொண்ட ஓட்டுக் கட்டடம். முன்னறையில் தோல் வேலை. பின்னறையில் மர வேலை. தோல் வேலை அண்ணனுடையது. உடன்பிறந்தவர் அல்லர். மிருதங்கத்தின் தோல் முகமான மூட்டைப் பின்னவும் அதன் நடுவில் சோறு எனப்படும் கருப்புப் பசை போடவும் தம் தகப்பனாரிடம் சிறு வயதிலேயே கற்றவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மர வேலை என்னுடையது. தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் ஏழு ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பினேன்.

ஆண்டு முழுவதும் வேலை ஒரே சீராக வருவதில்லை. கார்த்திகை பிறந்ததும் மிருதங்கங்கள் வரத் தொடங்கும். பங்குனி முதல் வைகாசி வரை தவில், உருமி, பம்பை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த மூன்று மாதமும் கோயில் கொடை ஓயாது. நையாண்டி மேளக்காரர்களுக்கு அதுதான் ஆண்டின் வருமானம். ராத்திரி ஆட்டத்துக்கு நடுவில் தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலை கிழிந்தால் மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் நிற்பார்கள். அன்று மாலைக்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் அந்த இரவின் கூலி அவர்களுக்கு இல்லை. ஆகவே அந்த மூன்று மாதமும் தவிலுக்குத்தான் முதலிடம். இதில் எனக்கும் அண்ணனுக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு கிடையாது.

கடம் மட்டும் பழுதுக்கு வராது. கீறல் விழுந்த கடத்தைக் கொண்டுவருபவர்களை மானாமதுரைக்குப் போகச் சொல்லிவிடுவோம். சுட்ட மண்ணில் விரிசல் விழுந்தால் நாதம் போனது போனதுதான். அங்கே சூளையில் வெந்த புதுக் கடங்களைத் தட்டிப் பார்த்துத் தம் சுருதிக்கு ஒத்ததை எடுத்துவர வேண்டும். நாகசுரத்திலும் நாங்கள் கைவைப்பதில்லை. ஆச்சா மரத்தைக் கடைந்து துளை பார்க்கும் கை நரசிங்கம்பேட்டையில் இருக்கிறது. எங்களுக்குத் தெரியாத வேலையைத் தொட்டுக் கெடுப்பதற்கு பஸ் ஏறச் சொல்வது மேல்.

வீணை மாதத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். மதுரைக்கு வீணை புதிதன்று. எம். எஸ். சுப்புலட்சுமியின் தாயார் சண்முகவடிவு இந்த ஊரில் வீணை வாசித்தவர். இன்றும் அரசு இசைக் கல்லூரி மாணவர்களும் வீட்டில் பாடம் சொல்லும் டீச்சர்களும் இருக்கிறார்கள். ஆனால் வீணையில் பெரிய வேலை என்றால் நான்கு மணி நேரம் பஸ்ஸில் தஞ்சாவூர் போவதே வழக்கம். நான் ஊர் திரும்பியதற்கே அந்த நான்கு மணி நேரம்தான் காரணம். மடியில் வைத்துக் கொண்டுபோக முடியாத கருவி அது. பயணமே பாதிப் பழுதை உண்டாக்கிவிடும்.

முதல் வருகை

டீச்சருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வீணை அவருடைய தந்தை வாங்கிக் கொடுத்தது. உருண்டையான குடமும் நீண்ட கழுத்தான தண்டியும் முனையிலுள்ள யாளி முகமும் தனித்தனியே செய்து இணைத்த ஒட்டு வீணை, நல்ல பலா மரம். ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணை இல்லை என்பதை அவரே முதலில் சொல்லிவிட்டார், ஏதோ குறையை ஒப்புக்கொள்வதைப் போல. அதில் குறை ஒன்றுமில்லை. ஒட்டு நன்றாக இருந்தால் நாதம் நன்றாகவே இருக்கும்.

நடந்ததை அவரே சொன்னார். ஒரு கல்யாணக் கச்சேரிக்குப் போன இடத்தில், மதியம் சாப்பாடு முடியும் வரை வீணை காரின் பின்பக்கத்தில் பெட்டியோடு இருந்திருக்கிறது. வெயிலில் பூட்டிக் கிடந்த கார். இரண்டு மணி நேரம். எடுத்துப் பார்த்தபோது மேல் ஸ்வரங்கள் இருக்கும் தாரஸ்தாயிப் பக்கத்தில் நான்கைந்து மெட்டுகள் சாய்ந்திருந்தன.

வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் பதிந்திருப்பவை அல்ல. தண்டியின் இரு ஓரத்திலும் நீளமாக மெழுகுச் சட்டம் எழுப்பி, அதன் மேல் மெட்டுகளைப் பதிக்கிறோம். தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் சேர்ந்த கலவை அது. தேன்மெழுகு உருகுவதற்கு 62 டிகிரிக்கு மேல் வேண்டும்; இளகுவதற்கு அவ்வளவு தேவையில்லை. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொட்டுவிடும். மெட்டு நகர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுமா? எனக்கு வேண்டியிருக்கவில்லை. அங்கேதான் தவறு தொடங்கியது.

அன்று முன்னறையில் ஏழு தவில்கள் கிடந்தன. பின்னறையில் என் மேசையின் பாதியை இரண்டு பம்பைகள் பிடித்திருந்தன. வீணையைப் பார்த்தேன். குடத்தை விரல் முட்டியால் தட்டிக் கேட்டேன்; பலகை எங்கும் விட்டிருக்கவில்லை. தந்திகளை முறுக்கும் பிருடைகள் வழுக்கவில்லை. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல்தகட்டில் தந்தி அறுத்த தடம் இருந்தது, அரம் போட்டால் சரியாகும். பயணத்துக்காக டீச்சர் தந்திகளை நன்றாகத் தளர்த்தியிருந்தார். கருவியின் அருமை தெரிந்தவர்கள் எல்லாம் அப்படித்தான் கொண்டுவருவார்கள். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் அழகுக்கு ஒட்டிய பிளாஸ்டிக் பட்டை வளையமாகச் சுற்றியிருந்தது. முன்பு தந்தத்திலும் மான் கொம்பிலும் வைத்த பட்டை. வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு இப்போது எல்லாம் பிளாஸ்டிக்தான். பட்டையின் மேல் விரலை ஓட்டினேன். வழவழப்பாக இருந்தது. மேளம் கட்டினால் போதும் என்று சொன்னேன். 4,500 ரூபாய், இரண்டு நாள்.

மேளம் கட்டுவதில் குறை வைக்கவில்லை என்று மனமறியச் சொல்வேன். பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். மதுரை வெயிலுக்காகக் குங்கிலியத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டேன். கூடினால் மெழுகு இறுகும். மிகவும் கூடினால் வெடித்து உதிரும். கையில் பிசையும்போதே அளவு தெரிந்துவிடும். 3 கட்டைக்குச் சுருதி சேர்த்து (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு), ஒவ்வொரு மெட்டாக வைத்து, மீட்டிக் கேட்டு, நகத்தின் அகலத்தில் பாதி முன்னே, அதில் பாதி பின்னே என்று நகர்த்தி நிறுத்தினேன். நான் எப்போதும் 3 கட்டைக்குத்தான் கட்டுவேன். தஞ்சாவூரில் அப்படிக் கற்றேன்.

இரண்டாம் நாள் மாலை டீச்சர் வந்து ஒரு வர்ணத்தை முழுக்க வாசித்துப் பார்த்தார். தவில்காரர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மன நிறைவோடு எடுத்துச் சென்றார்.

இரண்டாம் வருகை

"தம்பி, கட்டிக் கொடுத்த அன்றைக்குத் தேனாக இருந்தது. இப்போது தாரஸ்தாயிப் பக்கம் கை போனாலே காது கூசுகிறது" என்றார் டீச்சர். மீண்டும் காரில் விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை.

மெழுகைப் பார்த்தேன், கல்லாக நின்றது. ஒரு மெட்டும் அசையவில்லை. அப்படியிருந்தும் 15-ஆம் மெட்டுக்கு மேல் போகப் போக ஸ்வரம் ஏறி நின்றது. என் காதையே சந்தேகித்தேன். சுருதிப் பெட்டியைப் போட்டுக் கேட்டாலும் அதேதான். அரை மணி நேரம் மெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டில் செய்த வேலை பிசகியது என்ற எண்ணத்தோடு உட்கார்ந்தவனுக்கு மெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அண்ணன் அப்போது தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். டீச்சரைப் பார்த்துச் சும்மா ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை கட்டைக்கு வாசிக்கிறீர்கள், அம்மா?"

மிருதங்கம் கொண்டுவரும் யாரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. எந்தச் சுருதிக்கு என்று தெரியாமல் தோலைத் தொடவே மாட்டார். தோலின் கனமும் சோற்றின் அளவும் அதைப் பொறுத்தவை. வீணைக்காரனான நான் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. சுருதி வாசிப்பவர் பாடு என்று விட்டிருந்தேன்.

"நான்கரை" என்றார் டீச்சர்.

முதலில் அவரும் 3 கட்டைக்குத்தான் வைத்திருந்தாராம். பாடம் கேட்க வரும் சிறுமிகளுக்கு அந்தச் சுருதி மிகவும் கீழே இருந்தது. பாடிக்கொண்டே வாசிக்கத் தொண்டை இறங்கவில்லை. இரண்டு ஆண்டாக நான்கரைக்கு ஏற்றிவிட்டார், அதே கனமான தந்திகளோடு.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஒரே தந்தி, ஒரே நீளம் என்றால் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். கட்டைக் கணக்கில் மூன்றரை கிடையாது; 3-க்கு அடுத்த படி 4, அதற்கு அடுத்தது நான்கரை. ஆகவே 3 கட்டையிலிருந்து நான்கரைக்குப் போவது இரண்டு அரைச் ஸ்வரம். அதிர்வெண் ஏறுவது 12 சதவீதம். இழுவிசை ஏறுவது ஏறத்தாழ 26 சதவீதம். காதுக்குச் சிறிதாகத் தோன்றும் ஏற்றம், மரத்துக்கு நான்கில் ஒரு பங்கு கூடுதல் சுமை. ஏழு தந்தியும் சேர்ந்து இரவும் பகலும் இழுக்கின்றன.

வீணையை நான்கரைக்கு ஏற்றிப் பார்ப்போம் என்று அண்ணன்தான் சொன்னார். ஏற்றினோம். 24-ஆம் மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். பக்கத்து மெக்கானிக் கடையில் வாங்கிவந்த ஃபீலர் கேஜ்தான், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்தான், அளவுகோல். தளர்ந்திருந்தபோது இருந்ததைவிட 2 மில்லிமீட்டர் கூடியிருந்தது. தந்தி மெட்டைவிட்டு எழும்பினால் அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடும், ஸ்வரம் ஏறும். மெட்டு நகரவில்லை. மெட்டுகளைத் தாங்கிய தண்டிதான் நகர்ந்திருந்தது.

தண்டி எங்கே வளைந்தது? தந்திகள் தண்டிக்கு மேலே ஓடுகின்றன. இழுக்கும்போது மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் விரியும். ஆகவே குறையை அடியில் தேட வேண்டும். வீணையைப் பக்கவாட்டில் சாய்த்து, குடமும் தண்டியும் சேரும் இடத்தில் அந்தப் பிளாஸ்டிக் பட்டையைச் சூடு காட்டி மெதுவாக உரித்தேன். அடியில் மயிரிழை போல ஒரு கோடு. பட்டம் ஒட்டும் மெல்லிய தாளில் ஒரு துண்டு கிழித்து அந்தக் கோட்டில் வைத்தேன். தாள் ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. பிறகு தந்திகளைத் தளர்த்தச் சொன்னேன். அண்ணன் பிருடைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த, என் விரலில் இருந்த தாள் மெல்ல இறுகியது. ஏழாவது தந்தி தளர்ந்தபோது இழுத்தாலும் வரவில்லை. மரம் வாயை மூடிக்கொண்டது. டீச்சரும் குனிந்து அந்தத் தாளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

முதல் முறை தளர்ந்த வீணையைத்தான் பரிசோதித்திருக்கிறேன். தளர்ந்த நிலையில் அந்த ஒட்டில் குறையே இல்லை. 3 கட்டையிலும் அது ஏறக்குறையத் தாங்கிக்கொண்டது. நான் மேளம் கட்டியதும் 3 கட்டையில், இரண்டே நாள். நான்கரையில் 11 நாள் நின்றபோதுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்திருக்கிறது.

ஒட்டுக்குள் இருந்தது

இப்போதுதான் டீச்சருக்கு நினைவு வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் பஸ் பயணத்தில் வீணை கீழே விழுந்து அந்த இடத்தில் விட்டிருக்கிறது; வேறோர் ஊரில் ஒட்டி வாங்கியிருக்கிறார். "நீங்கள் கேட்கவில்லையே, தம்பி" என்றார். உண்மை. நான் கேட்கவில்லை.

ஒட்டைத் திறந்தோம். அதற்கு மட்டும் நான்கு நாள். முன்பு ஒட்டியவர் எபாக்ஸி பசையை ஓரம் முழுக்கத் தடவியிருந்தார்; நடுவில் பசை சேரவே இல்லை. வெளியே பார்த்தால் உறுதி, உள்ளே கதவுக் கீல். எபாக்ஸி மோசமான பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. வீணையின் ஒட்டுக்கு அது பொருந்தாது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. சூடு காட்டினால் இளகும். ஆனால் மரத்தை விடாது, நாரோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். கத்தியைச் சூடாக்கிச் சிறுகச் சிறுகச் சுரண்டியும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மரம் போயிற்று. அடுத்து வருபவனுக்கு வழி அடைத்துவிட்டுப் போகும் வேலை அது.

தச்சர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் வஜ்ஜிரம் அப்படியில்லை. தோலைக் காய்ச்சி எடுத்த பசை. முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து வெந்நீர்ச் சூட்டில் கரைக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும். நாற்றம் இரண்டு வீடு தள்ளியும் தெரியும். ஆனால் பிடித்தால் மரத்தோடு மரமாகப் பிடிக்கும்; ஐம்பது ஆண்டு கழித்து யாராவது ஈரமும் சூடும் காட்டினால் மரத்தைக் காயப்படுத்தாமல் விட்டுக்கொடுக்கும். அதே குணம் அதன் பலவீனமும்கூட. பூட்டிய கார் அதற்கும் பகைதான். இதை டீச்சரிடம் மறைக்காமல் சொன்னேன்.

போன மரத்துக்கு ஈடு வேண்டும். புது மரம் கூடாது, இன்னும் சுருங்கும். அண்ணன் பரணிலிருந்து விரிசல் விட்ட ஒரு பழைய மிருதங்கக் கட்டையை இறக்கினார். அதுவும் பலாதான், அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து கிடப்பது. அதில் ஒரு சில்லு அறுத்து, இழைப்புளியால் தாள் கனத்துக்கு இழைத்து, தண்டியின் நாரோட்டத்துக்கு ஒத்துப்போகும்படி திருப்பி வைத்தேன். இரண்டு மூங்கில் ஆணி. வஜ்ஜிரம் தடவி, கயிறு சுற்றி, கட்டை கொடுத்து முறுக்கி, ஆப்பு வைத்து இறுக்கினோம்.

ஒட்டு திறந்திருந்தபோது தண்டியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது. மாதமும் ஆண்டும் மட்டும்: ஆவணி, 1983. செய்தவர் மூடுவதற்கு முன் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நானும் எழுதினேன்: மாதம், ஆண்டு, வஜ்ஜிரம், மூங்கில் ஆணி 2, இத்தனை கட்டைக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்ற ஒரு வரி. அந்த எண்ணை எழுதுவதற்கு முன்தான் டீச்சரோடு நீண்ட பேச்சு நடந்தது.

சுருதிப் பேச்சு

3 கட்டைக்கே இறக்கிவிடுங்கள் என்றேன். டீச்சர் உடனே மறுத்தார். "பிள்ளைகளின் தொண்டைக்காகத்தான் ஏற்றினேன். வீணைக்காகப் பிள்ளைகளின் தொண்டையை இறக்கச் சொல்கிறீர்களா?"

இதற்கு என்னிடம் விடை இல்லை. அவர் சொன்னது நியாயம். கருவியைக் காப்பாற்றுவது எங்கள் வேலை. ஆனால் அது பாடம் சொல்வதற்காக இருக்கும் கருவி. பெட்டிக்குள் பத்திரமாக வைத்துத் திறக்காமல் விட்டால் எந்த ஒட்டும் விடாது. அப்படி ஒரு பாதுகாப்பை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

மெல்லிய தந்தி போட்டால் அதே சுருதிக்குக் குறைந்த இழுவிசை போதும். போட்டுக் காட்டினேன். முதல் தந்தியான சாரணியில் நாதம் சன்னமாயிற்று. கீழ் ஸ்வரங்களுக்கான மந்தரத்தில் கமகத்துக்காக இழுத்து அசைக்கும்போது தந்தி துவண்டது. டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது இது: 4 கட்டை, முதல் இரு தந்திகளான சாரணியும் பஞ்சமமும் மட்டும் ஒரு படி மெல்லியவை, மற்றவை பழையபடி. 3-க்கும் 4-க்கும் ஒரே ஓர் அரைச் ஸ்வரம்தான். பழைய தந்தியாகவே இருந்தாலும் சுமை 12 சதவீதம்தான் கூடும். மிகவும் மேலே பாடும் இரண்டு சிறுமிகளுக்கு வேறு சிறு வீணையில் பாடம் சொல்வதாகச் சொன்னார்.

கயிற்றை அவிழ்த்த பிறகு ஒரேயடியாக ஏற்றவில்லை. மூன்று நாள் 3 கட்டையில், நான்கு நாள் 4 கட்டையில் நிறுத்தி, காலையும் மாலையும் அளந்தோம். தளர்ந்த நிலைக்கும் சுருதி சேர்ந்த நிலைக்கும் 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம். எந்தத் தண்டியும் அந்த அளவுக்கு வளையத்தான் செய்யும். அதன் பிறகே மெழுகைக் கையில் எடுத்தேன். இம்முறை மேளம் கட்டியது 4 கட்டையில், டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.

பணம்

ஒட்டுவேலைக்கு வழக்கமாக வாங்குவது 9,000 ரூபாய். இரண்டாவது மேளத்துக்கு இன்னொரு 4,500. டீச்சர் முழுத்தொகையையும் கொடுக்க ஆயத்தமாகவே வந்தார். ஒட்டு விட்டது எங்களால் அன்று. அதற்கு வாங்கலாம் என்று நான் நினைத்தேன். மேளத்துக்கு வாங்கக் கூடாது என்பதில் அண்ணன் உறுதியாக இருந்தார். "தோல் கிழிந்தால் தோலுக்குக் காசு கேட்கலாம். இது நம் கண் செய்த தவறு. அதற்கு யாரிடம் போய்க் காசு கேட்பது?" என்றார். முன்பே கண்டுபிடித்திருந்தால் ஒட்டையும் மேளத்தையும் ஒன்றாகச் செய்து நாள்கூலியில் சேமித்திருக்கலாம் என்பதால், ஒட்டுக்கும் 6,000 மட்டும் வாங்கினோம். கணக்குப் பார்த்தால் அந்த மாதம் வீணையில் நட்டம்தான். தவில்கள் ஈடுகட்டின.

அதன் பிறகு மாறியவை

வீணையையும் தம்புராவையும் இப்போது தளர்ந்த நிலையில் பார்த்துக் கூலி சொல்வதில்லை. வாசிப்பவர் வைக்கும் சுருதிக்கு ஏற்றி, ஒரு இரவு அப்படியே விட்டு, மறுநாள் அளந்த பிறகே சொல்கிறோம். இதற்குத் தனியாக 500 ரூபாய். வெறுமனே பார்ப்பதற்குக் காசா என்று சிலர் திரும்பிப் போயிருக்கிறார்கள். போகட்டும். பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. அதை இலவசமாகச் செய்தால் அவசரமாகத்தான் செய்வோம். நான் அப்படித்தான் செய்தேன்.

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அட்டை போடுகிறோம். எத்தனை கட்டை, எந்த அறையில் இருக்கிறது, ஏ.சி. உண்டா, எப்போதாவது விழுந்ததா, இதற்கு முன் யார் எதைக் கொண்டு ஒட்டினார்கள், கடைசியாகத் தந்தி மாற்றியது எப்போது. விழுந்ததை மட்டும் ஒரே கேள்வியில் யாரும் சொல்வதில்லை. மறைப்பதில்லை; அது பழுதோடு சம்பந்தமில்லாத பழங்கதை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகவே அதைப் பேச்சுவாக்கில் இரண்டு முறை கேட்கிறோம். சென்ற மாதம் ஒரு தவில்காரர் மூன்றாம் முறை கேட்டபோதுதான் தவில் லாரியிலிருந்து விழுந்ததைச் சொன்னார். ஸ்டீல் வளையமும் போல்ட்டும் வந்த பிறகு தவிலைக் கண்டபடி முடுக்க முடிகிறது. தோல் வாரை இழுத்துக் கட்டிய காலத்தில் கை வலிக்கும் இடத்தில் நிறுத்துவார்கள். அந்தத் தவிலின் உட்புறத்தில் நீளமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

பங்குனி முதல் வைகாசி வரை வீணையை இரண்டு நாள் வேலையாக எடுப்பதில்லை. விட்டுவிட்டுப் போகச் சம்மதித்தால் எடுக்கிறோம். இது சிலருக்குச் சிரமம்தான். தஞ்சாவூருக்கே போய்விடலாமே என்று ஒருவர் கேட்டார். போகலாம். என் ஆசாரியின் முகவரியையும் கொடுத்தேன்.

சரஸ்வதி பூசைக்கு வீணையைக் கொலுவில் வைத்திருந்த டீச்சர், மறுவாரம் சொன்னபடி கொண்டுவந்தார். 4 கட்டையில் சுருதி சேர்ந்தே இருந்தது. பட்டையை மீண்டும் ஒட்டாமல் விட்டிருந்தோம், ஒட்டைக் கண்ணால் பார்ப்பதற்காக. பட்டத்தாள் உள்ளே போகவில்லை. 24-ஆம் மெட்டில் வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர். கூடியிருக்கும் அந்த 0.1 மழைக்கால ஈரமா, ஒட்டு இடம் கொள்வதா, அல்லது என் கை அழுத்தமா என்பதை ஒரே அளவில் சொல்ல முடியாது. பட்டையை ஒட்டிக் கொடுத்துவிடுங்கள், பார்க்க நன்றாக இல்லை என்றார் டீச்சர். தை வரை பொறுங்கள் என்றேன். அவருடைய அட்டையில் தை மாதத்துக்கான கட்டத்தைக் கோடு போட்டுக் காலியாக வைத்திருக்கிறேன்.